பதினான்காம் கட்டம்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து கவிதா என்றொரு பெண் வீட்டுக்கு வந்தாள். முப்பது வருஷம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள் அவள்தான். அறக்கட்டளைக்கு ஆண்டுவிழா மலர் போடுகிறார்களாம். “உங்க இனிமையான நினைவுகள ரெண்டு பக்கம் எழுதித் தாங்க மேடம்” என்று கேட்டாள். கேட்ட கையோடு, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து, புதிய விண்ணப்பப் படிவத்தைத் தன் செல்போனில் காட்டினாள். இப்போது காகிதமே கிடையாதாம். டாக்டர்கள் இருந்த இடத்திலிருந்தே நிரப்பி அனுப்பிவிடலாமாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாகத் தள்ளிப் பார்த்தேன். பதினான்காவது கட்டம் அப்படியே இருந்தது. தமிழில் சொன்னால், ‘முன் ஆய்வில் கிடைத்த முடிவுகள்’. ஒரு எழுத்துகூட மாறவில்லை. பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் மட்டும் புதிதாக முளைத்திருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாதாம். இனிமேல் ஒருவரும் வெறுமனே விட முடியாது, விண்ணப்பத்தைத் திருப்பி மெமோ அனுப்புகிற வேலை நமக்கு மிச்சம் என்றாள்.

வந்த கோபத்தில் அவளுக்குக் காப்பி கொடுக்கவே மறந்துபோனேன். பாவம், அவள் என்ன செய்வாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதுதான் நான் எழுதித் தருவது. போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எங்கள் அறக்கட்டளையின் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு டாக்டருக்கு நோயாளியைப் பார்க்கும்போது ஒரு யோசனை வரும். இந்த மருந்தை இப்படிக் கொடுத்தால் என்ன, இந்த நேரத்திலேயே கொடுத்தால் என்ன என்று தோன்றும். சோதனைச் சாலையில் கண்ணாடிக் குப்பிக்குள் பார்த்தாகிவிட்டது, மனிதர்களிடம் பார்க்கவில்லை. பார்க்கப் பணம் வேண்டும். டெல்லியில் போய்க் கேட்டால், முதலில் கொஞ்சம் பேரிடம் பார்த்துவிட்டு வா, அப்புறம் தருகிறோம் என்பார்கள். அந்தக் கொஞ்சம் பேரைப் பார்ப்பதற்குப் பணம் தர நாட்டில் ஆளே இல்லை. அதைக் கொடுக்கத்தான், நூற்பாலை நடத்திய ஒரு குடும்பத்தார் பாளையங்கோட்டையில் இதை ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணம். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். விலங்கியலில் பட்டம், தட்டச்சில் இரண்டு மொழியும் மேல்நிலை, இவ்வளவுதான் என் தகுதி. காலையில் பாசஞ்சர் ரயிலில் ஜங்ஷனுக்கு வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து அலுவலகம் போவேன். சேர்ந்த முதல் வருஷம் நோய்களின் பெயரைத் தப்பில்லாமல் அடிக்கக் கற்றுக்கொள்வதிலேயே போய்விட்டது. இரண்டாம் வருஷம் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை என் கைக்கு வந்தது. அதைக் கற்றுக்கொடுத்தவர் செயலாளர்.

அவர் பெயரை எழுத விருப்பமில்லை, செயலாளர் என்றே இருக்கட்டும். கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. என் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று தன் காரைக் கொடுத்தனுப்பியவர். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கெட்டவராக இருந்திருந்தால் அவர்மேல் அன்றைக்கே கோபப்பட்டிருப்பேன். நல்லவராக இருந்ததால் எனக்குக் கோபம் வர வருஷங்கள் ஆயின.

ஒரு விண்ணப்பம் வந்தால் அவர் அதைப் படிக்க மாட்டார். மேசையில் விரித்து, ஓரடி இரும்பு ஸ்கேலை முதல் கட்டத்தின் கீழே வைப்பார். மை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ஸ்கேல் அடுத்த கட்டத்துக்கு இறங்கும். இப்படி இருபத்திரண்டு கட்டம். எல்லாவற்றிலும் மை இருந்தால் வலது மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். எங்காவது வெறுமையாக இருந்தால் ஸ்கேல் அங்கேயே நின்றுவிடும், காகிதம் என் பக்கம் திரும்பிவிடும். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா சார் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். சிரித்தார். “வாசிக்கது நிபுணர் வேலை, லலிதா. நிரம்பியிருக்கான்னு பாக்கதுதான் நம்ம வேலை.”

படிவம் அவர் உருவாக்கியதல்ல. டெல்லியில் பெரிய பெரிய ஆராய்ச்சிகளுக்குப் பணம் தருகிற ஓர் அமைப்பின் படிவத்தை வரவழைத்து, தலைப்பை மட்டும் மாற்றி எங்களுக்கு அச்சடித்துக்கொண்டார்கள். அதனால் வந்த வினைதான் பதினான்காம் கட்டம். முதல் அடி எடுத்துவைக்கப் பணம் கேட்டு வருகிறவனிடம், முதல் அடியில் என்ன கிடைத்தது என்று கேட்கிறது அது. கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு வருகிறவனிடம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கேட்பது மாதிரி. இதை ஒருவரும் பார்க்கவில்லையா என்றால், எல்லோரும் பார்த்தார்கள். மதுரையிலிருந்து விண்ணப்பித்த பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள், சென்னையிலிருந்து வந்த நிபுணர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் இரண்டு வரி பொய் எழுதப் பழகிக்கொண்டார்கள். சில நோயாளிகளிடம் பார்த்தோம், முடிவுகள் ஊக்கமளிக்கின்றன. இதே வாக்கியம் ஒரே வருஷத்தில் மூன்று விண்ணப்பத்தில் வந்தது. தோல் நோய்க்கு அதுதான், சர்க்கரைப் புண்ணுக்கும் அதுதான். மூன்றையும் நிபுணர் குழுவுக்காகத் தட்டச்சு செய்தவள் நான். சிரித்துக்கொண்டுதான் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செப்டம்பர் மாதம், டாக்டர் பிலோமினாவின் விண்ணப்பம் வந்தது. ஊரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் உதவி மருத்துவர். கடற்கரைக் கிராமத்துப் பெண், அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தபாலில் அனுப்பாமல், ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக நடந்தே வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் என் எதிரே உட்கார்ந்து என்ன செய்யப்போகிறார் என்பதையும் சொன்னார். அதுவரை எந்த டாக்டரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

பிசானம் என்கிற நெல் பருவத்தின் அறுப்பு நடக்கிற பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அவருடைய வார்டு நிரம்பிவிடும். கதிர் அறுக்கும்போதும் களத்தில் அடிக்கும்போதும் நெல் தெறித்துக் கருவிழியில் கீறிவிடும். கீறல் ஊசிமுனை அளவுதான். ஆனால் நெல்லோடு பூசணமும் உள்ளே போகிறது. “ஊறுகாப் பரணியில பிடிக்கும்லா, அந்த இனந்தான்” என்றார். ஒரு வாரத்தில் கருவிழி வெளுத்துவிடும். அதற்குள் தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள், நந்தியாவட்டைச் சாறு பிழிவார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது கண் பாதி போயிருக்கும். அதற்கான மருந்து சென்னையிலிருந்து வர வேண்டும், வந்தாலும் அந்த நிலையில் பலருக்குக் கேட்காது.

அவருடைய யோசனை எளிமையானது. காயம் கழுவுகிற சாதாரண மருந்து ஒன்றை நன்றாக நீர்த்துச் சொட்டு மருந்தாக்கி, கண்ணாடிக் குப்பியில் அந்தப் பூசணத்தின்மேல் விட்டுப் பார்த்திருக்கிறார். பூசணம் வளரவில்லை. நெல் பட்ட அன்றே, ஊரிலேயே, கிராம நர்ஸ் கையால் இதை மூன்று நாள் விட்டால் கண் தப்புமா? தப்பலாம், தப்பாமலும் போகலாம். கண்ணுக்குக் கெடுதலே செய்தாலும் செய்யலாம். ஒரு அறுப்புக் காலம் முழுக்க ஒரு சில ஊர்களில் மட்டும் கவனமாகப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குத்தான் பணம். பணம் ஒதுக்குகிற எங்கள் குழு அக்டோபரிலும் ஏப்ரலிலும் மட்டும்தான் கூடும். அக்டோபரில் கிடைத்தால் அந்தப் பிசானத்துக்கே தொடங்கிவிடலாம் என்றார்.

மறுநாள் காலை ஸ்கேலை நானே வைத்தேன். அப்போது அந்த வேலையை என்னிடமே விட்டிருந்தார் செயலாளர். பதின்மூன்று கட்டம் சரியாக இருந்தது. பதினான்காவதில் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு வரி. மனிதர்களிடம் முடிவு எதுவும் இல்லை, அதைத் தெரிந்துகொள்ளவே விண்ணப்பிக்கிறேன்.

எங்கள் வழக்கப்படி ‘இல்லை’ என்றால் காலி. உருட்டச்சில் எடுத்த திருப்பு மெமோவை உருவி, பதினான்கு என்ற எண்ணைச் சுழித்து, விண்ணப்பத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் போட்டேன். அந்த ஆஸ்பத்திரி எங்கள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிஷ நடை. மெமோ பதிவுத் தபாலில்தான் போக வேண்டும் என்பது விதி. போனில் சொல்லக்கூடாது, ஆள் மூலம் கொடுக்கக்கூடாது. முந்தின நாள் என் எதிரே உட்கார்ந்து ஊறுகாய்ப் பரணி என்று சொன்ன பெண்ணுக்கு நான் பதிவுத் தபால் அனுப்பினேன். செயலாளரிடம் கேட்கக்கூட இல்லை. என் வேலையை நான் சுத்தமாகச் செய்ததாக எனக்குப் பெருமை வேறு.

அந்தத் தபால் ஆஸ்பத்திரித் தலைமை அலுவலகத்துக்குப் போய், தபால் பிரிவில் கிடந்து, பெரியவர் ஒருவர் மேசைக்குப் போய்ச் சுருக்கொப்பம் வாங்கி, கண் பிரிவுக்கு வருவதற்குள் எங்கள் கடைசித் தேதி தாண்டிவிட்டது. டாக்டர் பிலோமினா பிரித்த உறையைக் கையில் பிடித்தபடி வந்தார். ஒரு போன் செய்திருந்தால் அன்றே ஓடி வந்திருப்பேனே என்றார். போனில் சொன்னால் பதிவேட்டில் ஏறாது டாக்டர் என்றேன். இதை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அப்புறம் இரக்கப்பட்டு, அவருக்கு உதவி செய்கிறதாக நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தேன். மற்றவர்களெல்லாம் இரண்டு வரி எழுதிவிடுகிறார்கள், யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை, நீங்களும் எழுதுங்கள், செயலாளரிடம் சொல்லி எப்படியாவது சேர்த்துவிடுகிறேன் என்றேன்.

“பாக்காத கண்ணப் பாத்தேன்னு எழுதச் சொல்லுதியளா?” என்று கேட்டார்.

எழுந்து அவரைச் செயலாளர் அறைக்குக் கூட்டிப் போனேன்.

செயலாளர் உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். விண்ணப்பத்தை விரித்து ஸ்கேலைப் பதினான்காம் கட்டத்தின் கீழே வைத்தார். பிலோமினா அறுப்பைப் பற்றிச் சொன்னார், ஏப்ரலில் பணம் வந்தால் அறுப்பு முடிந்திருக்கும், ஒரு வருஷம் வீணாகும் என்றார். செயலாளர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பொறுமைதான் என்னை இன்றும் எரிச்சல்படுத்துகிறது.

“அறுப்பு எங்கம்மா போவுது? வருஷா வருஷம் வரும்லா. நாங்களும் இங்கனதான் இருப்போம்.”

“அறுப்பு வரும் சார். போன கண்ணு வராது.”

அவர் தலையாட்டினார். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். பிலோமினா காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

திருப்பி அனுப்பிய விண்ணப்பம் அடுத்த குழுவுக்கு வருவதாக இருந்தால், அலுவலகத்திலிருந்து ஒருவர் போய் இடத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். களப் பார்வை என்று பெயர். மார்ச் தொடக்கத்தில் என்னை அனுப்பினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் பிலோமினா விடுமுறை நாட்களில் தன் சொந்த முயற்சியாக, சோதனைக்குத் தேர்ந்த ஊர்களில் ஒன்றான சீவலப்பேரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். டவுன் பஸ்ஸில் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். வழியெல்லாம் தாள் அறுத்த வயல். வைக்கோல் ஏற்றின வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டு பஸ் ஊர்ந்தது.

கிராம நர்ஸ் வீட்டு முன்னறைதான் வைத்தியம் பார்க்கிற இடம். நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு களத்திலிருந்து நேராக வந்தாள். இசக்கியம்மாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை தூசி. நெல் தெறித்துவிட்டது, கல் கிடக்கிற மாதிரி உறுத்துகிறது என்றாள்.

பிலோமினா அவளை வெளிச்சத்துக்கு எதிராக உட்கார வைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பைய இமையைத் தூக்கி, சாயம் ஊறின ஒரு மஞ்சள் காகிதத் துண்டின் நுனியைக் கண்ணோரத்தில் தொட்டார். நீலக் கண்ணாடி போட்ட டார்ச்சை அடித்து, என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கருவிழியின் கீழ் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு. சின்னக் குழந்தையின் நகம் பட்ட அளவுதான். இமைக்குள் ஒட்டியிருந்த உமித் துணுக்கைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். ஆறின வெந்நீரால் கழுவி, ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் கொடுக்கிற சொட்டு மருந்தை விட்டார். அது வேறு கிருமிக்கு. பூசணத்துக்குக் கேட்காது என்பது எனக்கே அப்போது தெரிந்திருந்தது.

அவருடைய பையில் பழுப்பு நிறப் பாட்டில்கள் இரண்டு இருந்தன. சோதனைக்காக ஆஸ்பத்திரி மருந்தகத்தில் தயார் செய்த அந்தச் சொட்டு மருந்து. அவருடைய ஆஸ்பத்திரியின் குழு அனுமதி கொடுத்திருந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. நிதியும் மேற்பார்வையும் உறுதியாகாமல் ஒருவர் கண்ணிலும் அதை விடக்கூடாது. அந்தக் கடிதத்தின் நகலும் விண்ணப்பத்தோடு என்னிடம் வந்திருந்தது.

நான் அவரை வாசலுக்கு அழைத்து, ரெண்டு சொட்டு விட்டால் என்ன டாக்டர், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். விதி விதி என்று பதிவுத் தபால் அனுப்பியவள் நான்தான்.

“விடலாம்க்கா. நல்லாச்சுன்னா யாரும் கேக்க மாட்டாவ. கண்ணு வெந்து போச்சுன்னா? யாருக்கும் தெரியாம உன் கண்ணுல பரிச்ச வச்சுப் பாத்தேன்னு இவகிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?”

இசக்கியம்மாளை நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். அவளால் முடியாது என்றாள். அறுப்புக் கூட்டத்தில் ஓர் ஆள் நடுவில் விலகினால், அந்த இடத்துக்கு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் அடுத்த அறுப்புக்கும் கூப்பிட மாட்டார்கள். இன்னும் ஐந்து நாள் வேலை கிடந்தது. “அடிச்சு முடிச்சதும் ஓடியாந்துருதேன் டாக்டரம்மா. இப்ப உறுத்தல் கொறஞ்சிருக்குல்லா” என்று சொல்லிவிட்டுக் களத்துக்கே திரும்பிப் போனாள். பிலோமினா தெருமுனை வரை அவள் பின்னாலேயே நடந்து இன்னொரு தடவை சொல்லிவிட்டு வந்தார்.

எட்டு நாள் கழித்து, திருத்திய விண்ணப்பத்தை வாங்க நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆமாம், இந்தத் தடவை நானே நடந்து போனேன். கண் பிரிவு பெஞ்சில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கருவிழியில் பாதிக்கு மேல் வெளுப்பு. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி விட்டிருக்கிறாள். வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், ஆனால் சத்தம் போடவில்லை.

பிலோமினா கண்ணை மரக்கச் செய்து, நுனி வளைந்த சிறு கத்தியால் புண்ணின் ஓரத்தைச் சுரண்டினார். சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு சொட்டு காரக் கரைசல் விட்டு மூடி, கொஞ்ச நேரம் காத்திருந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பார்த்துவிட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நூல் நூலாக, கிளைவிட்டுக் கிளைவிட்டுக் கிடந்தது. நான் படித்த விலங்கியலுக்கு அது என்ன என்று தெரிந்துகொள்ள வேறு ஆள் தேவைப்படவில்லை.

சென்னையிலிருந்து மருந்து வர நாலு நாள் ஆயிற்று. அதை விட்டும் புண் கருவிழியில் ஓட்டை போட்டுவிட்டது. கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த மறுநாள் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட முகத்தோடு உட்கார்ந்து, டாக்டரிடம் இசக்கியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “மத்த கண்ணுக்கு ஒன்னும் வராதுல்லா?”

எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்தச் சொட்டு மருந்தை அன்றே விட்டிருந்தால் அந்தக் கண் பிழைத்திருக்குமா? தெரியாது. இத்தனை வருஷமும் என்னைச் சும்மா விடாதது அந்தத் தெரியாதுதான். அக்டோபரில் பணம் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பிழைக்குமா என்று பார்த்தாவது இருப்போம். தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் எங்கள் அறக்கட்டளையே இருக்கிறது. தெரியாது என்று ஒருத்தி நேர்மையாக எழுதிக் கொடுத்ததற்கு அவளைத் திருப்பி அனுப்பினோம். தெரியும் என்று பொய் சொன்னவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்தோம்.

ஏப்ரல் குழுவுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். கண்ணை எடுத்த பிறகுதான் டாக்டர் பிலோமினா விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தார், பதினான்காம் கட்டத்தில் இப்போது நான்கு வரி இருந்தது. நோயாளி ஒருவர். நெல் பட்ட அன்றே பார்க்கப்பட்டார். இந்த மருந்து அவருக்குத் தரப்படவில்லை. கண் அகற்றப்பட்டது.

செயலாளர் ஸ்கேலை வைத்தார். கட்டம் கட்டமாக இறங்கி, பதினான்கில் ஒரு நொடி நின்று, பதினைந்துக்குப் போனது. இருபத்திரண்டும் முடிந்து சிவப்பு டிக் போட்டார். “இப்பம் சரியா இருக்கு” என்றார். குழுவில், முன் ஆய்வு உபயோகமாக இருக்கிறது என்று சென்னை நிபுணர் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். டீ வருவதற்கு முன்பே ஒப்புதல் ஆகிவிட்டது.

குழுவினர் போன பிறகு செயலாளர் அறைக்குப் போனேன். என் வேலைக் காலத்தில் குரலை உயர்த்தியது அன்று ஒருநாள்தான்.

“சார், அந்தக் கட்டத்துல மை இல்ல. இசக்கியம்மா கண்ணு இருக்கு. அது போனாத்தான் நம்ம படிவம் நெறையும்னா, அந்தப் படிவத்த வச்சு நாம என்ன செய்யுதோம்?”

அவர் ஸ்கேலை எடுத்து மேசையின் ஓரத்துக்கு இணையாக வைத்தார். கண் கலங்கினாரோ என்றுகூடத் தோன்றியது. அப்புறம், நீ கோபத்தில் இருக்கிறாய், வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வா என்றார். மறுநாள் போனேன். படிவத் திருத்தம் என்று ஒரு தலைப்பை அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் சேர்த்திருந்தார். அது ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசித் தலைப்பாக வந்தது, ஒவ்வொரு கூட்டத்திலும் நேரமில்லாமல் தள்ளிப்போனது. அவர் ஓய்வு பெற்று, காலமும் ஆகிவிட்டார். நானும் எத்தனையோ செயலாளர்களிடம் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். என்னால் முடிந்தது ஒன்றுதான். ‘இல்லை’ என்று எழுதி வந்த விண்ணப்பம் எதையும் அதற்குப் பிறகு நான் திருப்பவில்லை. ‘மனிதர்களிடம் இதுவரை சோதிக்கப்படவில்லை என விண்ணப்பதாரர் உறுதியளிக்கிறார்’ என்று அடியில் தட்டச்சு செய்து, டிக் போட்டு உள்ளே அனுப்பினேன். மை இருந்தது, யாரும் கேட்கவில்லை. இப்போது இதைச் சொல்லிவிட்டேன், வேண்டுமானால் என் ஓய்வூதியத்தை நிறுத்திக்கொள்ளட்டும்.

அடுத்த பிசானத்துக்கு மருந்து போயிற்று. அந்த வருஷமும் களப் பார்வைக்கு நானே கேட்டு வாங்கிப் போனேன். மருந்து எல்லாக் கண்ணையும் காப்பாற்றவில்லை. சில கண்கள் தப்பின, சில தப்பவில்லை. இன்ன வகைக் கீறலுக்கு உதவுகிறது, இன்னதற்கு உதவவில்லை என்று பிலோமினா உள்ளதை உள்ளபடி எழுதினார். அதை வைத்துக்கொண்டு வேறு டாக்டர்கள் மேலே போனார்கள். எங்கள் பணத்துக்கு அதுதான் வேலை, அது நடந்தது.

நான் போன அன்று நர்ஸ் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தவள் இசக்கியம்மாள். அறுப்புக் கூட்டத்தில் யார் கண்ணில் நெல் பட்டாலும் அடுத்த நிமிஷம் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறாளாம். நர்ஸ் சொன்னாள். சண்டை போட்டாவது கூட்டி வருவாளாம்.

பழுப்புப் பாட்டிலிலிருந்து மருந்து அந்தப் பெண்ணின் கண்ணில் விழுவதை இசக்கியம்மாள் கிட்ட நின்று பார்த்தாள். ஒரு கண்ணால் பார்ப்பதால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என்னை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“ஏந் தாயி, இது போன வருசம் எங்க இருந்துச்சு?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் படித்தவள், பதில் உடனே வந்தது. மேலிடத்திலிருந்து இப்போதுதான் வந்தது என்றேன். அவள் நம்பினாள். அப்படியா என்று சொல்லிவிட்டு, மருந்து விட்ட பெண்ணைக் கூட்டிக்கொண்டு அறுப்புக்குப் போய்விட்டாள்.

மேலிடம் என்று ஒன்றும் கிடையாது இசக்கியம்மா. அது என்னிடம்தான் இருந்தது. நான்தான் திருப்பி அனுப்பினேன்.